எழுபது பெண்டு ஏத்தி விட்டவங்களுக்கு ஒரு நன்றி மடல்

நாலு நாள் சைக்கிள்ல மலை சுத்துனதுல நான் அதிகமா கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான், "ஏந்தம்பி, பஸ்ஸு இருக்குதுல்ல?". கேட்டவங்க எல்லாருமே கேட்ட கையோட ஒண்ணு எதையாச்சும் குடுத்தாங்க, இல்லன்னா எதையாச்சும் சரி பண்ணி விட்டாங்க. ஒருத்தர் பேரு கூட கேட்டு வெச்சுக்காம வந்துட்டேன், அதான் இந்த மடல்.

ரூட்டு இதாங்க. சேலம் அடிவாரத்துலருந்து ஏற்காடு 20 பெண்டு (கொண்டை ஊசி வளைவு) ஏறி அந்தப்பக்கம் குப்பனூர் ரோட்ல எறங்கி, வாழப்பாடி, பேளூர், தும்பல் வழியா கல்வராயன் மலை கருமந்துறை, மறுபடி கீழ வந்து ஆத்தூர், தம்மம்பட்டி, ராசிபுரம், சேந்தமங்கலம், கடைசியா காரவள்ளிலருந்து கொல்லிமலை 70 பெண்டு. எறக்கம் முள்ளுக்குறிச்சி பக்கம். ஊட்டி கொடைக்கானல்னு போறவங்க நெறைய பேரு, நம்ம ஊட்டு வாசல்ல இருக்கற இந்த மலைங்கள சைக்கிள் பசங்க ஞாயித்துக்கிழம காலைல ஏறி எறங்குறதோட விட்டுர்றாங்கன்னு எனக்கு ஒரு ஆதங்கம், அதனால மூணையும் ஒண்ணா சேத்து கட்டுனேன். கட்டுனது சரி, பின்னாடி கேரியர்ல 14 கிலோ சாமானையும் சேத்துக் கட்டுனேன் பாருங்க, அதுதான் தப்பு.

ஏற்காடு பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பழகுன ஏத்தம். ஆனா குப்பனூர் எறக்கத்துல ஒரு வளைவுல மண்ணும் ஜல்லியும் செதறிக் கெடந்துச்சு, எனக்கு முன்னாடி போய்ட்டிருந்த பால்கார அண்ணன் திரும்பிப் பாக்காமலே எடது கைய கீழ கீழன்னு அமுக்கிக் காட்டுனாரு. ரெண்டு பிரேக்கையும் மாத்தி மாத்தி புடிச்சுட்டு வந்ததுல ரிம்மு தொட்டா சுடுற அளவுக்கு சூடு, அந்த வேகத்துல மண்ணுல ஏறியிருந்தா இத டைப் பண்ண கை இருந்திருக்காது. அண்ணா, நன்றி.

அடுத்தது தும்பலுக்கு கொஞ்சம் முன்னாடி. பின்னாடி வீல்ல டிங்குனு ஒரு சத்தம், அப்புறம் ஒவ்வொரு சுத்துக்கும் ரிம்மு பிரேக் கட்டைல ஒரசுது. பாத்தா கியர் பக்கத்து ஸ்போக் ஒண்ணு கழுத்துலயே முறிஞ்சு தொங்குது. சைக்கிள் ஓட்டறவங்களுக்குத் தெரியும், இந்தப்பக்கத்து ஸ்போக்க மாத்தணும்னா பல்சக்கரத்த கழட்டணும், அதுக்குன்னு தனி டூல் வேணும், அது எங்கிட்டயும் இல்ல, அந்த ஏரியாவுலயும் இருக்க வாய்ப்பில்ல. தள்ளிக்கிட்டே போனா ஒரு பஞ்சர் கடை. எக்ஸெல் வண்டி டயரும், ப்ளஸ் ஒன் பசங்களுக்கு கவர்மெண்ட்டுல குடுக்கற சைக்கிள் நாலஞ்சும் நிக்குது. கடைக்காரப் பெரியவருக்கு எழுபது வயசாவது இருக்கும்.

என் சைக்கிளப் பாத்தாரு, மூட்டையப் பாத்தாரு, "பஸ்ஸு இருக்குதே" அப்டின்னாரு. அப்புறம் வண்டிய கவுத்துப் போட்டு வீல சுத்த விட்டுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. பல்சக்கரத்த கழட்ட டூல் இல்லீங்கன்னு நான் இழுத்தேன். "எதுக்கு கழட்டணும்?"னுட்டு டப்பாவுலருந்து ஒரு பழைய ஸ்போக்க எடுத்தாரு. என் வீலுக்கு அது நீளம் ஜாஸ்தி. தலைப்பக்கத்த வெட்டி எறிஞ்சுட்டு மறை இருக்கற முனைய மட்டும் வெச்சுக்கிட்டாரு. வெட்டுன முனைய கட்டிங் பிளேயர்ல புடிச்சு "ட" மாதிரி ஒரு மடக்கு, அதுக்கு எதிர்ப்பக்கமா இன்னொரு மடக்கு, தூண்டி முள்ளு கணக்கா ஆயிருச்சு. அத அப்டியே பல்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவுல விட்டு ஓட்டைல மாட்டி, இந்தப்பக்கம் ரிம்முல இருக்கற நிப்பிள்ல (ஸ்போக் நட்டுல) ஏத்தி இறுக்குனாரு. மறை ஒத்துப்போச்சு! கோட்டம் எடுக்க அவர்கிட்ட ஸ்டாண்டு எல்லாம் கெடையாது, பின்னாடி பிரேம் கம்பில கட்டவெரல ஊணி, ரிம்மு நகத்துல தட்டுற எடத்த மட்டும் பாத்துப் பாத்து திருகுனாரு, அரைமணி நேரம். நான் வீடியோ பாத்தே கத்துக்கிட்டவன், இந்த வித்தைய எந்த வீடியோலயும் பாத்ததில்ல. எவ்ளோங்கன்னு கேட்டா "முப்பது ரூவா குடு"ன்னாரு. நூறு குடுத்தா எழுபத திருப்பிக் குடுத்துட்டு "மூட்டைல பாதிய முன்னாடி கட்டு, பின்னாடியே கட்டுனா அது என்ன பண்ணும் பாவம்"னு வீலுக்கு பரிஞ்சு பேசுனாரு. ஐயா, அந்த ஸ்போக் கொல்லிமலையும் ஏறி எறங்கி வீடு வரைக்கும் வந்துச்சுங்க. மூட்டையையும் நீங்க சொன்ன மாதிரியே மாத்திக் கட்டிட்டேன்.

இந்தக் கூத்துல கருமந்துறை ஏத்தத்துல பாதிலயே இருட்டிப்போச்சு. ரோட்டோர ஊட்டு அம்மா ஒருத்தங்க "இருட்டுல எங்க சாமி போற, பன்னி கின்னி வரும்"னு திண்ணைல பாய் போட்டுக் குடுத்து, சாமைச்சோறும் மொச்சக்கொட்டக் குழம்பும் ஊத்துனாங்க. நான் மூணு தடவ வாங்கித் தின்னேன், அவங்க ஊட்டுல மத்தவங்களுக்கு மிச்சம் இருந்துச்சான்னு கேக்கணும்னே எனக்கு அப்ப தோணல, விடிஞ்சு சைக்கிள் ஏறுனப்புறம்தான் தோணுச்சு. மன்னிச்சுக்கோங்கம்மா. உங்க நாய் என் ஒரு செருப்ப எடுத்துட்டுப் போனதோட கணக்கு நேர்னு வெச்சுக்கலாமா?

மூணாவது நாள் முழுக்க கீழ சமவெளிதான், ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) பேக்டரி களத்துல மரவள்ளிக்கெழங்கு திப்பி காயற புளிச்ச வாசம் மூக்குல ஏறி ஒரு மணி நேரம் கூடவே வந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தங்குன லாட்ஜுல சைக்கிள உள்ள விட மாட்டேன்னுட்டாங்க, வெளிய ரோட்ல பூட்டி வெச்சுக்கோ, காணாப்போனா நாங்க பொறுப்பில்லன்னு வேற. எதுத்தாப்ல மாவு மில்லுக்காரர் இதக் கேட்டுட்டு அவராவே வந்து வண்டிய மில்லுக்குள்ள ஏத்தி வெச்சாரு. காலைல நாலு மணிக்கு எனக்காக எந்திரிச்சு வந்து ஷட்டர தூக்கியும் விட்டாரு. அன்னிக்கு அவரு மொளகா அரைச்சிருப்பாரு போல, சீட்டு, ஹேண்டில்பாரு எல்லாம் செவப்பா படிஞ்சு கெடந்து சேந்தமங்கலம் வரைக்கும் தும்மிக்கிட்டேதான் போனேன். அண்ணா, இது புகார் இல்ல.

இனி கொல்லிமலை. காரவள்ளில முதல் பெண்டுலருந்தே போர்டு வெச்சிருப்பாங்க, 1/70, 2/70ன்னு. கார்ல போறவங்களுக்கு அது ஜாலி, நமக்கு அது கந்துவட்டிக்காரன் நோட்டு. என் சைக்கிள்ல முன்னாடி சின்ன சக்கரம் 22 பல்லு, பின்னாடி பெருசு 34 பல்லு, அந்த கியர்ல நிதானமா மிதிச்சா மணிக்கு 5 கிலோமீட்டர் போகும், நடக்கறவன் கூடவே பேசிக்கிட்டு வரலாம். ஏத்தம் அப்டி ஒண்ணும் செங்குத்து கெடையாது, பஸ்ஸு ஏறணும்னுதான இத்தன மடிப்பா போட்டிருக்காங்க, ஆனா வளைவோட உள்பக்கம் மட்டும் சட்டுனு தூக்கும். அதனால முடிஞ்ச வரைக்கும் வெளிப்பக்கமா எடுக்கணும், ஆனா பஸ்ஸு வந்தா அதுக்கு மொத்த ரோடும் வேணும், அதனால மேல ஹாரன் சத்தம் கேட்டாலே ஓரங்கட்டி கால ஊணிரணும். அப்புறம் அந்த சரிவுல மறுபடி கெளப்பறது இருக்கே, அதுதான் உண்மையான 70 பெண்டு.

முப்பத்தஞ்சு கிட்ட ஒரு கொரங்கு வாழப்பழத்த சீப்போட எடுத்துட்டுப் போச்சு. நாப்பத்திரெண்டுல தண்ணி காலி. நாப்பத்தாறுல தொடை புடிச்சுக்கிட்டு, சைக்கிள சுவத்துல சாச்சுட்டு ரோட்டோரம் உக்காந்துட்டேன். அப்ப மேல ஏறி வந்த கவர்மெண்ட் பஸ்ஸு அந்தப் பெண்டுல ஊர்ந்து திரும்பறப்ப, கண்டக்டர் படியில நின்னுக்கிட்டு "என்னா தம்பி, ஏத்திக்கட்டுமா? மேல டாப்புல இடம் இருக்கு"ன்னாரு. வேணாங்கண்ணா, ஏறிருவேன்னேன். பஸ்ஸுக்குள்ள ஒரு சிரிப்பு. அவரு தன்னோட சில்வர் பாட்டில எறிஞ்சாரு, "என்னைக்காச்சும் திருப்பிக் குடு"ன்னு கத்துனாரு, பஸ்ஸு போயிருச்சு. பாட்டில்ல தண்ணி இல்ல, மோரு. உப்பும் இஞ்சியும் போட்ட மோரு. அதுக்கப்புறம் இருவத்தி நாலு பெண்டு எப்டிப் போச்சுன்னு எனக்கு நெனப்பே இல்ல.

மலை மேல சோளக்காடுங்கற ஊர்ல முடவாட்டுக்கால் கெழங்கு சூப்பு வித்த அக்காவுக்கும் ஒரு வணக்கம். ஆட்டுக்கால் சூப்புன்னு நெனச்சு வாங்கி, கறி எங்கக்கான்னு கேட்ட ஆளு நான்தான். ரெண்டாவது கப்புக்கு அவங்க காசு வாங்கல, முட்டிக்கு நல்லதுன்னாங்க, முட்டிக்கு என்ன பண்ணுச்சோ தெரியாது, நடுக்கம் நின்னுச்சு. அப்புறம் செம்மேட்டுல குதிர மேல உக்காந்திருக்கற வல்வில் ஓரி செலையப் பாத்தப்ப, உங்களுக்கென்ன ராஜா, குதிர வெச்சிருந்தீங்கன்னு ஒரு கடுப்பு வந்தது நெசம்.

கண்டக்டர் அண்ணே, நான் முள்ளுக்குறிச்சி பக்கமா எறங்கிப் போயிட்டதால அன்னிக்கு உங்க பாட்டில குடுக்க முடியல. அடுத்த ஞாயித்துக்கிழம கொண்டு வந்து காரவள்ளில பஸ்ஸு நிக்கற எடத்துக்கிட்ட இருக்கற டீக்கடைல, மோரு கேட்டு வர்ற கண்டக்டர்னு சொல்லி குடுத்து வெச்சிருக்கேன், கழுவித்தான் வெச்சிருக்கேன், வாங்கிக்கோங்க. அன்னிக்கு நான் பஸ்லதான் வந்தேன்.