பச்சை மீன் செய்யப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று தொலைபேசியில், பச்சை மீனைக் கொத்திச் செய்யும் ஜப்பானியப் பண்டமான 'நமேரோ' செய்யப்போகிறேன் என்று நீ சொன்னதும் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அப்பாவுக்கு நள்ளிரவில் வந்த அந்த வயிற்றுவலியை நீ மறந்திருக்க மாட்டாய். நான் வினிகரில் ஊறவைத்துக் கொடுத்த கானாங்கெளுத்தியைச் சாப்பிட்ட நான்கு மணி நேரத்தில் துடித்துப்போனார். எண்டோஸ்கோப்பி செய்து மருத்துவர் வெளியே எடுத்த அனிசாக்கிஸ் என்ற மீன் ஒட்டுண்ணிப் புழு இரண்டு சென்டிமீட்டர் நீளம்தான். வெள்ளை நூல்போல் சுருண்டு கிடந்தது. வினிகர் அதைக் கொல்லாது. உப்பும் காரமான வசாபி விழுதும்கூடக் கொல்லாது. அது தெரியாமல் பரிமாறியவள் நான். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஃபுகுவோகாவில் கானாங்கெளுத்தியையே எள்ளோடு பச்சையாகச் சாப்பிடுகிறார்கள் என்றாய். ஊர்க்காரர்கள் சாப்பிடட்டும், நீ பாரை இனத்து அஜி மீனிலேயே தொடங்கு. சஷிமிக்கானது, அதாவது பச்சையாகச் சாப்பிடுவதற்கானது, என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்கு. முழு மீன் என்றால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குடலை எடுத்துவிடு. மீன் செத்தபின் புழு குடலிலிருந்து சதைக்குள் நகர்ந்துவிடும். கடைக்காரரிடம் கேட்டால் அவரே சுத்தம் செய்து, முள் நீக்கித் தருவார். புழு இருக்கிறதா என்று சதையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறைந்தால் புழு செத்துவிடும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18தான், ஆகையால் இரண்டு நாள் வைத்தால் எனக்கு நிம்மதி.

இனி செய்முறை. இரண்டு மீனின் தோலை உரித்துப் பொடியாக நறுக்கு. ஒரு தேக்கரண்டி மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), துருவிய இஞ்சி, வெங்காயத்தாள், நான்கு ஷிசோ என்ற வாசனை இலை எல்லாவற்றையும் அதன்மேல் போட்டு, கத்தியில் ஒட்டும் பதம் வரும்வரை பலகையிலேயே கொத்து. தத்தேயாமாவுக்குப் போனபோது துறைமுகக் கடைப் பாட்டி சொன்னது நினைவிருக்கிறதா? அந்தப் போசோ தீபகற்பத்து மீனவர்கள் படகிலேயே செய்த பண்டம் இது. ஆடுகிற படகில் சோயா சாஸ் சிந்திவிடும், மிசோ சிந்தாது. தட்டை நக்கவைக்கும் ருசி என்பதால்தான் 'நமேரோ' என்று பெயராம்.

மேலே தூவ மியோகா கட்டாயம் வேண்டும். இஞ்சிக் குடும்பத்துப் பூமொட்டு அது. மெல்லிசாக அரிந்து ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் காரம் தணிந்து மணம் மட்டும் நிற்கும். வறுத்த வெள்ளை எள்ளும் கொஞ்சம் போடு. அடியில் ஒரு முழு ஷிசோ இலை. முதன்முதலில் அதை முகர்ந்தபோது துளசியா புதினாவா என்று காய்கறிக் கடையிலேயே நின்றுவிட்டேன். இன்றும் அந்த வாசனை எனக்கு அலுக்கவில்லை.

செய்தவுடன் சாப்பிடு, மறுநாளைக்கு வைக்காதே. மிஞ்சியதை ஷிசோ இலையில் தட்டி எண்ணெயில் இருபுறமும் நன்றாக வேகவிட்டால் சங்காயாகி ஆகிவிடும். மீன்மேல் சந்தேகம் வந்த நாளில் நேராக அதையே செய். அப்பா இப்போதெல்லாம் அதைத்தான் கேட்கிறார்.

மீனை வாங்கியதும், கத்தியை எடுக்கும் முன் என்னைக் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா