எங்கள் கப்பலை விழவிடாமல் பார்த்துக்கொண்டவர்களுக்கு நன்றி

பலூன் கட்டிய வான்கப்பல்களில் குழுவாகப் பறந்து சண்டை போடும் கன்ஸ் ஆஃப் இக்காரஸ் ஆன்லைன் விளையாட்டில் என்னோடு ஒரே கப்பலில் பறந்த எல்லோருக்கும் வணக்கம். உங்கள் விளையாட்டுப் பெயர்களில் பாதி வாயில் நுழையாது. அதனால் நீங்கள் பார்த்த வேலையைச் சொல்லியே நன்றி சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி, என்னை என்ஜினியர், அதாவது கப்பலைப் பழுதுபார்ப்பவர், ஆக்கிய கேப்டனுக்கு. மியூஸ் கேம்ஸ் 2012-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் ஒரு கப்பலுக்கு நான்கு பேர்தான். புதிதாக வருகிறவர்களுக்குத் துப்பாக்கி சுடும் கன்னர் ஆகத்தான் ஆசை இருக்கும், எனக்கும் இருந்தது. "கன்னர் மூன்று வகைக் குண்டு கொண்டுவரலாம், ஆனால் பழுதுபார்க்கும் கருவி ஒன்றுதான். நம் பிரமிடியன் வகைக் கப்பலின் முன்பக்கத் துப்பாக்கிகளுக்கு ஆளுக்கு ஒரு வகைக் குண்டு போதும். அப்புறம் மூன்று கருவி தூக்கிவருகிற என்ஜினியர்தானே லாபம்?" என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். சரிதான். கப்பலில் என்ன பூட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகே யார் என்ன வேலை என்று முடிவாக வேண்டும்.

அடுத்து, என்னோடு ஓடிய இன்னொரு என்ஜினியருக்கு. ரப்பர் சுத்தியல் ஒரே அடியில் நிறையச் சரிசெய்யும், ஆனால் அடித்த பாகத்தைக் கொஞ்ச நேரத்துக்கு யாருமே மறுபடி சரிசெய்ய முடியாது. ஸ்பேனரால் லேசாகத் தட்டினாலும் அதே கதைதான், காத்திருப்புதான் குறைவு. நான் தட்டிய நேரத்தில் நீங்கள் சுத்தியலோடு வந்தால் உங்கள் பெரிய அடி வீண். "கவசம் எனக்கு, பலூனும் என்ஜினும் உனக்கு" என்று முதலிலேயே பிரித்துக்கொடுத்தீர்கள். முழுசாக உடைந்துபோன பாகத்தை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து தட்டி எழுப்புவோம். கேப்டன் பதவி இல்லாமலே நீங்கள் செய்ததும் தலைமைதான்.

எதிரியின் கவசத்தை உடைக்கும் கேட்லிங் துப்பாக்கியில் நின்றவரே, "கவசம் போச்சு!" என்ற உங்கள் குரலுக்காகத்தான் வெடிகுண்டு வீசும் மோர்ட்டார் காத்திருக்கும். கவசத்தின் மேல் மோர்ட்டார் குண்டுகளைக் கொட்டுவது வீண்செலவு. கவசம் போனபின் கப்பலின் உடம்பில் விழும் அடிதான் கப்பலைச் சாய்க்கும். எதிரி என்ஜினியர் கவசத்தைத் திரும்பக் கட்டுவதற்குள் அந்த ஒரு சொல் வந்தாக வேண்டும். ஒருமுறைகூட நீங்கள் தாமதித்ததில்லை.

மறுபடியும் கேப்டனிடம் வருகிறேன். கப்பலைச் சட்டென்று மேலே தூக்க "ஹைட்ரஜன் போடப் போறேன்" என்று நீங்கள் சொன்னவுடன் பலூன் அடிவாங்கப் போகிறது என்று புரிந்து நான் மேலே ஓடிவிடுவேன். வேகம் கூட்டும் "மண்ணெண்ணெய்" என்றால் என்ஜின் அடிவாங்கும், அந்தப் பக்கம் ஓடுவேன். எங்களை ஏவியதைவிட, நீங்கள் செய்யப்போவதை முன்கூட்டிச் சொன்னதுதான் அதிகம். மைக்கில் கத்திக்கொண்டே ஓட்டிய சில கேப்டன்களுக்கும் நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை.

எந்தக் கப்பலைச் சேர்ந்து அடிக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் பாய்ந்த கூட்டணிக் கப்பலின் கேப்டனுக்கும் நன்றி.

இப்போது சில ஆட்டங்களில் நானே சுக்கான் பிடிக்கிறேன். "இந்தக் கப்பலுக்கு இன்னொரு என்ஜினியர் வேண்டும்" என்று கேட்டதும், ஆசையாக எடுத்த கன்னர் வேலையை விட்டுவிட்டு சுத்தியலைத் தூக்கிய முன்பின் தெரியாதவர்களே, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த ஆட்டத்தில் கன்னருக்கு நல்ல வேலை இருக்கும் கப்பலாகவே எடுக்கிறேன், வாருங்கள்.