காணியை விற்றுப் போக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று இலங்கை அரசாங்கம் அறிவித்ததில் இருந்து எங்கள் வீட்டில் ஒரே கதைதான்: இருக்கிறதா, போறதா? யாழ்ப்பாணத்து நீர்வேலியில் எங்களுக்கு நான்கு பரப்பு (கால் ஏக்கர்) வாழைத்தோட்டமும் அதற்குள் ஒரு கிணறும் இருக்கின்றன. கனடாவில் இருக்கும் மச்சாள் ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து, "காணியை வித்துப்போட்டு வாங்கோ, பிள்ளைகளை யோசியுங்கோ" என்பார். அக்கறையில்தான் சொன்னார்.

அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குப் போனது. எங்கள் இறைப்பு இயந்திரம் அதில்தான் ஓடுகிறது. இரண்டு இறைப்புக்கு ஒன்றாகக் குறைத்தோம், குலைகள் சிறுத்துப் போயின. நானும் கணவரும் காணி உறுதியை எடுத்து மேசையில் வைத்தது அப்போதுதான்.

பிறகு கணக்குப் பார்த்தோம். 200 ரூபாவாக இருந்த டொலர் 360ஐத் தொட்டிருந்தது. வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரர் கேட்பதோ டொலர் கணக்கில். எங்கள் பக்கம் காணி விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. முன்பு இரண்டு பரப்போடு முடிந்திருக்கக்கூடிய பயணத்துக்கு அப்போது கிட்டத்தட்ட நான்கும் போயிருக்கும். ரூபா விழுந்து கிடக்கும் நேரத்தில் காணியை விற்று டொலரில் கட்டுவதைப்போல நட்டம் வேறில்லை. உறுதியைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தேன்.

அந்த நவம்பரில் வெளிநாடு போகப் புறப்பட்டு வியட்நாமுக்கு அருகே கப்பலொன்றில் தத்தளித்த 303 இலங்கையர் மீட்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் அதற்குள் இருந்தார்கள். ஒருவர் உயிரோடு திரும்பவில்லை. அந்தச் செய்தி வந்த இரவு நான் தூங்கவில்லை.

போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. என் தம்பி அரசின் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து முறையாகக் கட்டாருக்குப் போனான், ஒரு சதக் காணியும் விற்கவில்லை. இங்கே இருப்பதும் சுகமில்லை. 2023இல் சர்வதேச நாணய நிதியத்தின் உதவி கிடைத்தது, எரிபொருள் வரிசைகள் மறைந்தன, ஆனால் விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. கொப்பி வாங்கும்போதும் கணக்குப் பார்க்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டுக்கு எப்படிச் சட்டப்படி போகலாம், பணியகத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும், போலி முகவரை எப்படிச் சோதிப்பது என்பதை மாதம் ஒருமுறையாவது பத்திரிகையில் போடுங்கள். எங்கள் ஒழுங்கையிலேயே இந்த மாதம் இரண்டு வீட்டார் காணிக்கு ஆள் பார்க்கிறார்கள்.

வாழைத் தோட்டக்காரி ஒருத்தி,
நீர்வேலி.