மரவை உன் அறையில்தான் இருக்கிறது

சிவமயம்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி தேவலை. நீ இரண்டு மாதமாகப் போன் பண்ணாததற்காக எழுதவில்லை, வேலை இருக்கும், தெரியும். தொண்டையைப் பார்த்துக்கொள், வெந்நீர் குடி. பேசுகிற தொழில் இல்லை அப்பச்சி, பேச வைக்கிற தொழில் என்பாய். சரி, இருந்தாலும் வெந்நீர் குடி.

போன வாரம் கோவிலூரில் ஒருவர், உங்கள் மகள் கம்பெனிகளுக்குப் போய்க் கூட்டம் நடத்திக் கொடுக்கிறாளாமே என்று கேட்டார். நீ சொன்ன அந்த அமெரிக்காக்காரர் ஹாரிசன் ஓவன் கதையைச் சொன்னேன். மெனக்கெட்டு ஏற்பாடு செய்த மாநாட்டில் காபி இடைவேளைதான் நன்றாக இருந்தது என்று வந்தவர்கள் சொல்லிவிட, 1985இல் நிகழ்ச்சி நிரலே போடாமல், நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, பேச வேண்டியதை வந்தவர்களே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டட்டும் என்று விட்டாராமே, அதை. நம்ம வீட்டு முகப்பிலும் அப்படித்தானே, கூட்டம் கலைந்து காபி டம்ளரோடு நிற்கும்போதுதான் மனதில் இருப்பது வெளியே வரும். அவர் அசந்துபோனார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் நீயும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். வீட்டுக்கு ஓடு மாற்றப் பங்காளிகள் கூடிப் பேசிய அன்றைக்கு, அத்தனை பெரியவர்கள் இருக்கும்போது எழுந்து போய், ஆத்தாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறிவிட்டாய். கற்றுக்கொள்ளவும் கொடுக்கவும் ஒன்றும் இல்லாத இடத்தில் உட்கார வேண்டாம், கால் இருக்கிறது, நகர்ந்துவிடலாம் என்று ஓவன் சொன்னதாகச் சொல்வாயே, அதுதானா அது?

அன்றைக்குப் பட்டாலையில் பாய் விரித்து எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, மரவையை, அதுதான் நம்ம வீட்டு மூடி போட்ட மரச் சம்படத்தை, எடுத்து வந்து, இது யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசட்டும் என்றாய். அது சுற்றி வந்து உன் சின்னாத்தா கையில் நின்றது. மூடியைத் தடவிக்கொண்டே ரொம்ப நேரம் இருந்தாள். அவள் வாய் திறக்கிற நேரம் நான் குறுக்கே விழுந்தேன், கட்டிக் கொடுத்த பிள்ளைக்குப் பங்காளி விவகாரத்தில் என்ன வேலை என்று. உன்னைத்தான் சொன்னேன். அவளும் மரவையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆத்தாவோடு போய்ச் சின்னாத்தா அறையைப் பார்த்தேன். ஓடு ஒழுகுகிற இடத்தில் எனாமல் பேசின் வைத்திருக்கிறாள். மூன்று மழைக்காலமாக இப்படித்தானாம். நாம் ஓடு மாற்ற யார் எவ்வளவு போடுவது என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

உன்னை நிறுத்தியதற்குக் காரணம் முறையும் இல்லை, மரியாதையும் இல்லையம்மா. வீட்டுப் பொதுப் பணத்துக்கு நான் இரண்டு வருஷமாகக் கணக்கு எழுதி ஐந்தொகை எடுக்கவில்லை. பணம் பேங்கில் அப்படியே இருக்கிறது, ஒரு ரூபாய் தொடவில்லை. கண் மங்கியதில் எழுதுவது தள்ளிப்போயிற்று, அப்புறம் சொல்ல வெட்கம். மரவை சுற்றினால் யாராவது கணக்குக் கேட்பார்கள் என்று பயந்துதான் உன் வாயை அடைத்தேன். ஐயா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று உனக்குத் தெரியும்.

இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். போன சித்திரை வரை வந்துவிட்டது. பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லோரும் வருகிறார்கள். மாப்பிள்ளையோடு வா, நோன்பு இழை எடுத்துக்கொண்டதும் நீயே கூட்டத்தை நடத்து. கணக்கை முதலில் நான் வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் மரவையைச் சின்னாத்தாவிடம் கொடு.

அப்பச்சி