குப்பியைக் கழற்றிவிடாதே

அன்பு மகளுக்கு,

குளிர் வந்துவிட்டதால் பால்கனியில் தொங்கும் சர்க்கரைத் தண்ணீர்க் குப்பியைக் கழற்றிவிடலாமா என்று கேட்டிருந்தாய். கழற்றாதே, கண்ணம்மா. சியாட்டில் குளிரிலும் உன் குப்பிக்கு வருகிறதே, அந்த அன்னா ஓசனிச்சிட்டு என்னும் ஹம்மிங்பேர்டு, மற்ற பல ஓசனிச்சிட்டுகளைப் போலத் தெற்கே போய்விடுவதில்லை.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் அதை நம் ஊர்த் தேன்சிட்டு என்றே எண்ணியிருந்தேன். இரண்டும் வேறு குடும்பம்; ஓசனிச்சிட்டு அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் கிடையாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அன்னா ஓசனிச்சிட்டு தென் கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோப் பகுதியிலும் உள்ள புதர்க்காடுகளிலும் ஓக் மரத் தோப்புகளிலுமே கூடு கட்டி வந்தது. மனிதர்கள் நட்ட யூகலிப்டஸ் மரங்களும், குளிர்காலத்திலும் பூக்கும் தோட்டச் செடிகளும், வாசல்தோறும் தொங்கிய குப்பிகளும்தான் அதை வடக்கே வரவழைத்தன. 2017-இல் கனடாவின் வான்கூவர் நகரம் அதைத் தன் நகரப் பறவையாகவே தேர்ந்தெடுத்தது. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலையை எடுப்பது நமக்கு அழகா?

நான்கைந்து கிராம் எடையுள்ள உயிர் அது. கடுங்குளிர் இரவில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு மரத்துப்போய்க் கிடந்து, விடிந்ததும் தன்னைச் சூடாக்கிக்கொண்டு எழும்போது அதற்கு உடனே இரை வேண்டும். ஆகையால் உறைபனி நாட்களில் குப்பியை இரவில் உள்ளே வைத்து, வெளிச்சம் வருமுன் மாட்டிவிடு. வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு. தேனோ சிவப்புச் சாயமோ வேண்டவே வேண்டாம். குப்பியை அடிக்கடி கழுவு.

போன பிப்ரவரியில் நம் எலுமிச்சை மரத்தைக் கழிக்க அப்பா கத்தரிக்கோலுடன் போனவர், அப்படியே திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். கிளைக் கவட்டில், அக்ரூட் ஓட்டின் பாதி அளவில் ஒரு கூடு. உள்ளே மொச்சைக்கொட்டை போல இரண்டு வெள்ளை முட்டைகள். பஞ்சையும் இழைகளையும் சிலந்தி நூலால் பிணைத்து, வெளியே மரப்பாசி ஒட்டியிருந்தது. அந்தச் சிலந்தி நூல் இருப்பதால்தான் குஞ்சுகள் வளர வளரக் கூடும் நெகிழ்ந்து கொடுக்கிறது. கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் தாய் ஒருத்திதான். குஞ்சுகள் பறக்கும்வரை அந்த மரத்தில் கை வைக்கவில்லை.

பால்கனியில் ஒட்டடை அடிக்கும்போது, மேல் மூலையில் இருக்கும் சிலந்தி வலையை மட்டும் விட்டுவை. மாசி பிறக்குமுன் சிட்டு கூடு கட்ட அந்த நூலைத் தேடி வரும்.

அன்புடன்,
அம்மா