ஒப்படைகள் தோட்டத்து மழையை அளக்கட்டும்

மலையகக் கல்வியியற் கல்லூரிகளின் பீடாதிபதிகளுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

மதிப்புக்குரியீர்,

புள்ளி வழங்கியதும் அலுமாரிக்குள் போய்விடும் தனிநபர் ஒப்படைகளில் ஒன்றையேனும், தேயிலைத் தோட்டத்து மக்கள் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய குழுச் செயற்றிட்டமாக மாற்றுமாறு கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் கருதுவது மண்சரிவை. 2014 ஒக்டோபர் 29 அன்று பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்சரிவில் புதையுண்டன. அவ்விடம் ஆபத்தானதென்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டுமெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எல்லைகளை வகுத்துள்ளது. ஆனால் தன் லயத்துக்கு மேலேயுள்ள மலையில் நேற்றிரவு எவ்வளவு பெய்ததென்று அறிய வழியில்லாத ஒருவருக்கு இந்த எண்களால் என்ன பயன்?

அதை அளக்கச் செலவு அதிகமில்லை. நேரான பக்கங்களுள்ள சோடாப் போத்தலின் (இதற்குத் தோட்டத்தில் பஞ்சமில்லை) மேற்பகுதியை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை நீரூற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியமாகக் கொண்டு அளவு குறித்தால் மழைமானி தயார். கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வைத்து, நாள்தோறும் காலை 8.30க்கு வாசிக்க வேண்டும். மலையுச்சிப் போத்தலும், தொழிலாளர் வேலைக்குமுன் கூடும் பெரட்டுக்களத்துப் போத்தலும் வேறு வேறு அளவு காட்டும்போது, ஏனென்ற கேள்வியைக் கணிதப் பிரிவு மாணவரும் விஞ்ஞானப் பிரிவு மாணவரும் சேர்ந்தே எதிர்கொள்வர். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், பீலியில் வரும்போது திடீரெனக் கலங்கும் ஊற்றுத் தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி அங்குள்ள முதியவர்களிடம் கேட்டெழுதுவது தமிழ்ப் பிரிவினரின் பங்கு. வெளியேறச் சொல்லும் பொறுப்பு மாணவருடையதன்று; அவர்களின் பதிவுகள் கிராம உத்தியோகத்தரிடம் சேர வேண்டும்.

குழுவில் இருவர் உழைக்க, மற்றவர் பெயர் மட்டும் எழுதுவரென்ற தங்கள் தயக்கம் நியாயமானதே. ஒவ்வொருவரும் தனிக் குறிப்பேடு வைத்திருக்கட்டும். வாய்மொழித் தேர்வில், தான் செய்யாத பகுதியையும் ஒவ்வொருவரும் விளக்கட்டும். அறிக்கையைக் கல்லூரி மண்டபத்தில் மட்டுமன்றித் தோட்டத்திலும் வாசிக்கச் செய்யுங்கள். கொழுந்தெடுக்கும் தாய்மார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்கும் புள்ளி உண்டென்று முன்கூட்டியே அறிவியுங்கள். மூன்றாம் ஆண்டுக் கட்டுறுப் பயிற்சிக்குச் செல்பவர்கள் இதே வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளுடன் தொடரலாம்.

முதல் முயற்சிக்கு ஒரு குழுவும் ஒரு தோட்டமும் போதும். ஒக்டோபர் மழைக்கு முன் போத்தல்களை வைத்துவிடக்கூடியவாறு, தோட்ட நிர்வாகத்திடம் எழுத்துமூல அனுமதியை இப்போதே கோருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்