சோப்புத் தடவிய திருகுகள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

போன வாரம் பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போய்த் திரும்பும்போது, "புது விளையாட்டுத் திடல் நல்லாத்தானே இருக்கு, ஏம்ப்பா உங்க முகம் வாடிப்போச்சு?" என்று கேட்டாய். காரில் பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நீ எழுத்துக்கூட்டிப் படித்தாலும் பரவாயில்லை, இதைத் தமிழில் சொன்னால்தான் எனக்குச் சரியாக வரும்.

அந்த இடத்தில் முன்பு இருந்த, பிள்ளைகள் ஏறி விளையாடும் மரக்கோட்டையை 1992-ல் கட்டினோம். நியூயார்க் மாநிலத்து இத்தாகாவில் இருந்த ராபர்ட் லெதர்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1970-களில் தொடங்கி வைத்த முறை அது. முதலில் பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்பார்கள், அதை வைத்துப் படம் போடுவார்கள், அப்புறம் ஊரே கூடி நான்கைந்து நாளில் கட்டி முடிக்கும். நீ கேட்டது ஒளிந்துகொள்ள ஓர் இடம். கோபுரத்துக்கு அடியில், தவழ்ந்து போகிற மாதிரி, அது அப்படியே வந்தது.

நாம் இந்த ஊருக்கு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது, எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதுவரை ஆணிகூட ஒழுங்காக அடித்ததில்லை. கையில் டிரில்லைக் கொடுத்துவிட்டார்கள். உனக்கு ஆறு வயது. சின்னப் பிள்ளைகளுக்கான வேலை திருகுகளைச் சோப்புக்கட்டியில் தேய்த்துத் தருவது, அப்போதுதான் மரத்துக்குள் லேசாக இறங்கும். நீ தேய்த்துத் தரத் தர நான் இறக்கினேன், மூன்றாம் நாள் மழையிலும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை, அம்மா ஒரு குண்டான் நிறையப் புளியோதரை கிளறிக்கொண்டு வந்து நின்றாள், அன்று சாயங்காலம் நான் இருபது பேரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடக் கற்றிருந்தேன். அதற்குப் பிறகுதான் இது எனக்கு நம் ஊர்.

அந்த மரத்தில் ஆர்செனிக் என்ற நஞ்சு இருந்த விஷயம் எனக்கும் தெரியும். மரம் உளுத்துப்போகாமல் இருக்கக் குரோமியம், செம்பு, ஆர்செனிக் மூன்றும் கலந்த மருந்தை அதில் ஏற்றியிருந்தார்கள், மரத்தில் தெரிந்த அந்த இளம்பச்சை செம்பால் வந்தது. (அதை 1933-ல் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர், சொந்தி காமேசம். ரொம்பப் பிந்தித்தான் எனக்குத் தெரியவந்தது.) 2003 முடிவோடு வீடுகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் அந்த மரம் தயாரிப்பதை நிறுத்தினார்கள். ஏற்கெனவே நிற்பவற்றை இடிக்கச் சொல்லவில்லை, ஆனால் அந்தச் செய்தியைப் படித்த பிறகு எந்தப் பெற்றோருக்கு மனசு வரும்? நான் உன் கையைக் கழுவாமல் சாப்பிட விட்ட நாட்களை எண்ணிப் பார்த்துத் தூங்காத ராத்திரிகள் உண்டு. அதோடு உன் உள்ளங்கையில் ஏறிய சிலாம்புகள், ஒவ்வொன்றையும் ஊசியால் எடுத்தது நான்தான்.

அதனால் இடித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். புதியதில் சக்கர நாற்காலியோடு மேலேவரை போக முடிகிறது, நம்முடையதில் மரச்சில்லுத் தரையிலேயே சக்கரம் புதைந்துவிடும். அந்தக் குறை எங்களுக்கு அன்று தோன்றவே இல்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இந்தப் புதியது லாரியில் வந்து இறங்கியது. சுற்றிலும் தடுப்பு போட்டார்கள், ஆட்கள் மாட்டிவிட்டுப் போனார்கள். பேரன் வயதுப் பிள்ளை ஒன்றிடமாவது என்ன வேண்டும் என்று கேட்டிருக்கலாம். சோப்புக்கட்டியைக் கையில் கொடுத்திருக்கலாம். என் முகம் வாடியது அதற்குத்தான்.

வேலிப் பலகைகளில் பிள்ளைகள் பெயரைச் செதுக்கியிருந்தோமே, இடிப்பதற்கு முந்தின வாரம் அவரவர் பலகையை எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். உன்னுடையது கேரேஜில், பழைய போர்வையில் சுற்றி வைத்திருக்கிறேன். இரண்டாவது எழுத்து தேய்ந்துவிட்டது, நீ போகும்போதும் வரும்போதும் விரலை வைத்து இழுப்பாயே, அந்த எழுத்து. அடுத்த தடவை வரும்போது பேரனுக்குக் காட்டு. தொட்டுப் பார்க்கட்டும், அப்புறம் கையைக் கழுவிவிடு.

அன்புடன்,
அப்பா